சென்னைக்குக் குடிவருகிறவர்களுக்கு: முதல் மழை வரை ஒரு வழிகாட்டி

சென்னையில் இருக்க முடியுமா, நல்ல ஊர்தானா என்று ஊரிலிருந்து யாராவது போன் போட்டுக் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஆபீஸ் எந்தப் பக்கம்?" அது தெரியாமல் இந்த ஊரைப் பற்றி நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, அம்பத்தூரிலேயே வீடு என்று இருப்பவருக்குச் சென்னை கொஞ்சம் பெரிய டவுன், அவ்வளவுதான். அதே வேலைக்கு மேடவாக்கத்திலிருந்து போய்வருகிறவரைக் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார். தண்ணீரும் அப்படித்தான். ஒரு தெருவில் மே மாதத்திலும் குழாயில் தண்ணீர் வரும், இரண்டு தெரு தள்ளி லாரிக்காகக் காத்திருப்பார்கள். நவம்பரில் பார்த்தால் முதல் தெரு முழங்கால் தண்ணீரில் நிற்கும், லாரிக்குக் காத்திருந்த தெரு காய்ந்து கிடக்கும்.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து 2008-ல் வந்தவன். இதுவரை ஐந்து வீடு மாறியாயிற்று. அதில் மூன்று தப்பான வீடு. அந்த மூன்றும் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. முதல் மாதம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

ஊரிலிருந்து கிளம்பும்போதே வீட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று பலருக்கு அவசரம். போனில் போட்டோ பார்த்து டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிவிட்டு, வந்து பார்த்து நொந்துபோனவர்கள் நிறைய. முதல் ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம், ஹாஸ்டலிலோ பிஜியிலோ இருங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இன்னும் இருக்கின்றன. பத்துக்குப் பத்து அறை, பொதுக் கழிப்பறை, ஆனால் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கவலை இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசே 'தோழி' என்ற பெயரில் விடுதிகள் நடத்துகிறது. தாம்பரத்தில் ஒன்று இருக்கிறது, வேறு சில இடங்களிலும் உண்டு. இடம் கிடைத்தால் தயங்காதீர்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கலாமா என்றால், தங்கலாம், பத்து நாள். பதினோராவது நாள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தெற்கேயிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. பழைய ஞாபகத்தில் கோயம்பேடு போய் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கியவுடன் "எங்க சார், வேளச்சேரியா? போரூரா?" என்று பெட்டியில் கை வைப்பார்கள். பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நேராக மாநகரப் பேருந்து நிற்கும் பக்கம் போங்கள். ராத்திரியிலும் அங்கே வண்டி உண்டு.

2. ஆபீஸிலிருந்து ஒரு கோடு

இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் யாருக்கும் புரியாது, நிமிடத்தில்தான் சொல்வார்கள். பத்து கிலோமீட்டர் ரயிலில் இருபது நிமிடம். அதே பத்து கிலோமீட்டர் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) சாயங்காலம் ஆறரை மணிக்கு எவ்வளவு நேரம் என்பதை அன்றன்றைக்குத்தான் சொல்ல முடியும்.

அதனால் வரைபடத்தை விரித்து முதலில் ரயில் பாதைகளைப் பாருங்கள். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு ஒன்று. தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பாதை அது, இன்றைக்கும் ஊரின் முதுகெலும்பு அதுதான். சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போவது ஒன்று. திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி போவது ஒன்று. மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் ஒன்று. இவற்றோடு மெட்ரோ: விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரு பாதை, சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை இன்னொன்று. ஆபீஸ் எந்தப் பாதையில் இருக்கிறதோ அதே பாதையில், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால், வாடகை ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் எடுத்துவிடுங்கள். அந்தக் காசு பெட்ரோலிலும் முதுகுவலி டாக்டரிடமும் திரும்பி வந்துவிடும்.

தரமணி தாண்டி சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் ஐ.டி. வேலை என்றால் இந்தக் கணக்கு உதவாது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக ரோட்டைப் பல வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனி வண்டி வருகிறதா, எந்த நிறுத்தத்துக்கு வருகிறது என்று கேட்டுக்கொண்டு, அந்த நிறுத்தத்தை வைத்துத்தான் வீடு தேட வேண்டும்.

கோடு போட்டாயிற்றா? சரி, இப்போது ஒரு ஒத்திகை. ஒரு பேட்டை மனசுக்குப் பிடித்தால், திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கே போய் நின்று, அங்கிருந்து ஆபீஸுக்குப் போய்ப் பாருங்கள். சாயங்காலமும் அதே வழியில் திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு பார்க்கப் போய், "ரோடு காலியாத்தான இருக்கு" என்று நினைத்து முடிவெடுத்தவன் நான். அதுதான் என் முதல் தப்பான வீடு.

பஸ்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து வரும்: 29சி, 23சி, 21ஜி என்று. எழுத்து மாறினால் வழியும் மாறும், அதனால் எண்ணை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். 'கட்' என்று எழுதியிருந்தால் பாதி வழியில் நின்றுவிடும் வண்டி. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. ஆண்களுக்கு, தினமும் இரண்டு மூன்று பஸ் மாறுகிறவர் என்றால், 1,000 ரூபாய் மாதப் பாஸ் கட்டுப்படியாகும். மெட்ரோவில் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50. பஸ், மெட்ரோ, லோக்கல் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' என்ற செயலி 2025 செப்டம்பரில் வந்தது.

ஆட்டோவுக்கு 2013-ல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அதை நினைத்துக்கொண்டு ரோட்டில் போகும் ஆட்டோவைக் கைகாட்டினால் சண்டைதான் மிஞ்சும். செயலியில் என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

3. தண்ணீர்: ஓனர் சொல்வதைக் கேட்காதீர்கள், பக்கெட்டைப் பாருங்கள்

"தண்ணிப் பிரச்சினையே கிடையாது சார், இருபத்துநாலு மணி நேரமும் வரும்." சென்னையில் வீட்டு ஓனர்கள் எல்லாரும் சொல்லும் வசனம் இது. அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை, தண்ணீர் வரத்தான் செய்யும். என்ன தண்ணீர் என்பதுதான் விஷயம்.

மெட்ரோ தண்ணி, போர் தண்ணி, லாரித் தண்ணி, கேன் தண்ணி என்று இந்த ஊரில் நாலு தண்ணீர் உண்டு. மெட்ரோ தண்ணி என்பது குடிநீர் வாரியம் குழாயில் விடுவது. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஏரிகளிலிருந்தும், கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்தும், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்தும் வருகிறது. பல வீடுகளில் அது தெருக்குழாயிலிருந்து தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் விழும், அங்கிருந்து மோட்டார் போட்டு மேலே ஏற்றுவார்கள். பழைய வீடுகளில் வாசலில் அடிபம்பு இருக்கும், காலையில் அடித்துக் குடத்தில் பிடிக்க வேண்டும். போர் தண்ணி இடத்துக்கு இடம் மாறும். கடல் பக்கம் சில இடங்களில் உப்பு, சில பேட்டைகளில் இரும்புக் கறை. இவை இரண்டும் போதாதபோது லாரி. குடிக்க, சமைக்க இருபது லிட்டர் கேன்.

ஊரில் தாமிரபரணித் தண்ணீரை அப்படியே குழாயில் பிடித்துக் குடித்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் முதலில் விநோதமாக இருந்தது. தண்ணீரைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறார்களே என்று சிரித்தேன். 2019 கோடையில் சிரிப்பு நின்றது. ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். அந்த மாதங்களில் எங்கள் அடுக்குமாடியில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மட்டும் வால்வைத் திறப்பார்கள். அந்த நேரத்துக்குள் யார் குளிப்பது, எந்தத் துணியை ஊறப்போடுவது என்பதற்கு வீட்டில் கால அட்டவணையே போட்டோம்.

ஆகவே வீடு பார்க்கப் போனால், ஹாலில் டைல்ஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் பாத்ரூமுக்குப் போங்கள். பழைய பக்கெட் ஏதாவது கிடக்கும், அதன் உள்பக்க விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் உப்பு, மஞ்சளாகப் படிந்திருந்தால் இரும்பு. ஷவரின் துளைகள் பாதி அடைத்திருக்கும், அதுவும் உப்புதான். குழாயைத் திறந்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், பத்து வருஷம் இருந்தவர்களே அப்படித்தான் பார்க்கிறார்கள்.

அப்புறம் கீழே இறங்கி, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, மே மாசம் இந்தத் தெருவுக்கு லாரி வருமா?" வாட்ச்மேன் சொல்ல மாட்டார், அவருக்கு ஓனர் பயம். இஸ்திரிக்காரருக்கும் கேன் போடும் பையனுக்கும் அந்தத் தெருவின் தண்ணீர்க் கணக்கு அத்தனையும் அத்துப்படி. அடுக்குமாடி என்றால் அசோசியேஷனிடம் கேட்க வேண்டியது, போன கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரி வாங்கினார்கள், அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா என்பது. இதைக் கேட்காமல் போய்த்தான் என் இரண்டாவது வீட்டில் மாட்டினேன். சொன்ன மெயின்டனன்ஸ் ஒன்று, ஏப்ரலிலிருந்து வசூலித்தது அதற்கு இரண்டு மடங்கு.

4. மழை: சுவரைப் பாருங்கள்

இங்கே முக்கியமான மழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை. வருஷத்தில் பெய்யும் சுமார் 140 சென்டிமீட்டரில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று மாதங்களில் கொட்டிவிடும். அதுவும் சமமாகக் கொட்டாது. பத்து நாள் வெயில் அடிக்கும், ஒரே ராத்திரியில் ஒரு மாத மழை வந்துவிடும்.

2015 டிசம்பர் 1. அப்போது நாங்கள் முடிச்சூர்ப் பக்கம், அடையாற்றை ஒட்டிய ஒரு நகரில் தரைத்தளத்தில் இருந்தோம். வாடகை குறைவு, காற்றோட்டமான வீடு, வாசலில் கொய்யா மரம். ராத்திரி பத்து மணிக்கு வாசல்படியில் தண்ணீர். பதினொன்றரைக்கு மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கைக்குழந்தை, சர்டிபிகேட் பை, அரிசி டப்பா மூன்றையும் தூக்கிக்கொண்டு மேலே போனோம். மூன்றாம் நாள் இறங்கிப் பார்த்தால் ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது. கதவில் மகள் ஒட்டிய காந்தப் பொம்மை மட்டும் ஒட்டியபடியே இருந்தது. சேறு இடுப்பு வரை கோடு போட்டிருந்தது, சுவர் முழுக்க ஒரே மட்டத்தில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி.

நாங்கள் காலி செய்த அடுத்த மாதமே அந்த வீட்டுக்கு டு-லெட் போர்டு. கோட்டின் மேல் புது பெயின்ட்.

அதனால்தான் சுவரைப் பார்க்கச் சொல்கிறேன். வெளிச்சுவரில் தரையிலிருந்து மூன்று நாலு அடி மட்டும் புதிதாகப் பூசியிருக்கிறதா, அந்த உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இ.பி. மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? தெருவில் பல வீடுகளில் அதைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ரோடு வீட்டு வாசலை விட உயரமாக இருந்தால், தெருவில் விழும் மழை உங்கள் வீட்டுக்குள்தான் வரும். வருஷா வருஷம் ரோட்டின் மேலேயே ரோடு போட்டு உயர்த்திய தெருக்கள் நிறைய. புதிதாகக் கட்டிய வீடுகளில் வாசலுக்கு நாலைந்து படி வைத்திருப்பதைப் பார்த்தாலே புரியும்.

பெயரையும் கவனியுங்கள். ஏரி, தாங்கல் என்று முடியும் பேட்டைகள் சும்மா அந்தப் பெயரில் இல்லை. ஆனால் பெயர் மட்டும் போதாது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைக் காணோம். தியாகராய நகரே பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றிக் கட்டடம் கட்டடமாக எழுந்துவிட்டது. சதுப்புநிலத்துக்கு 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது, தண்ணீருக்குத் தன் பழைய வழி மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணையில் மறுபடியும் படகு விட்டார்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கை. இன்ஜினில் தண்ணீர் ஏறி மெக்கானிக்கிடம் அழுதவர்களுக்கு அப்படி இல்லை.

முதல் மாடி கிடைத்தால் தரைத்தளம் வேண்டாம். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடும் வேண்டாம், அது கோடையில் அடுப்பு. புகாருக்கு மாநகராட்சி எண் 1913, மின்சாரத்துக்கு 94987 94987. இரண்டையும் போனில் ஏற்றிவையுங்கள்.

5. ஓனரிடம் பேச்சு

அட்வான்ஸ் என்றால் ஊரில் ஒரு மாதம் இரண்டு மாதம். இங்கே ஐந்து மாதம், ஆறு மாதம், பழைய வழக்கத்தில் பத்து மாதம் வரை கேட்பார்கள். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில், சட்டத்தைச் சொல்லி வாதாடினால் வீடு கிடைக்காது. ஆனால் பத்து கேட்பவரிடம் "ஐந்து தர்றேன் சார், சட்டப்படி மூணுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் இறங்கி வருகிறவர்கள் உண்டு. புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகை அவருக்கு.

கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய இன்னொன்று பெயின்டிங் சார்ஜ். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை அந்தப் பெயரில் பிடித்துக்கொள்வார்கள். ஆறே மாதம் இருந்தாலும் பிடிப்பார்களா, மூன்று வருஷம் இருந்தால் விட்டுவிடுவார்களா என்று முதல் நாளே தெளிவாக்கிவிடுங்கள். குடிபோகும் அன்றே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பின்னால் பேச்சு வராது.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்பது முக்கியம். இங்கே ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும், அதனால் 490-க்கும் 510-க்கும் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். தனி மீட்டர் இல்லாமல், யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே கணக்குப் போடும் வீடுகளில் இந்தச் சலுகை எதுவும் உங்களுக்கு வராது.

இனி மனசுக்குக் கஷ்டமான பேச்சு. "பேச்சிலர்க்குத் தர்றதில்லை", "வெஜ் மட்டும்தான்", "நீங்க எந்த ஊர்... ஊர்ல எந்தப் பக்கம்?" இந்தக் கடைசிக் கேள்வியில் என்ன விசாரிக்கிறார்கள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எத்தனையோ மாநில ஆட்கள் இருக்கும் பெரிய ஊர், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று நம்பி வந்தேன். ஆபீஸில் கேட்கவில்லை, பஸ்ஸில் கேட்கவில்லை, வீடு பார்க்கப் போன இடத்தில்தான் கேட்டார்கள். அப்படிக் கேட்கும் வீட்டை விட்டு வந்துவிடுங்கள். வீடு கிடைத்தாலும் அங்கே நிம்மதி இருக்காது.

6. விலாசமும் பேச்சும்

வீட்டு எண்ணை எழுதும்போது 'பு.எண் 14, ப.எண் 31' என்று இரண்டையும் எழுதுங்கள். புது எண், பழைய எண் என்று பல தெருக்களில் இரண்டு வரிசை ஓடுகிறது. புது 14 ஒரு முனையில், பழைய 14 இன்னொரு முனையில் இருக்கும். கேஸ் சிலிண்டர்க்காரர், கூரியர்க்காரர் எல்லாரும் முதல் மாதம் அந்த இன்னொரு 14-க்குத்தான் போவார்கள்.

ரோட்டுப் பெயரும் அப்படித்தான், போர்டில் ஒன்று, வாயில் ஒன்று. அண்ணா சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மவுண்ட் ரோடு. ராஜீவ் காந்தி சாலை என்றால் விழிப்பார்கள், ஓ.எம்.ஆர். என்றால் புரியும்.

தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு முதலில் உறுத்துவது மரியாதை. கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்பார், வயசானவரையும் சேர்த்துத்தான். கோபப்படாதீர்கள், அது இங்கே மரியாதைக் குறைவு இல்லை, அவசரம். நீங்கள் எல்லாரையும் 'அண்ணா', 'அக்கா' என்று கூப்பிட்டால் போதும். எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் பெரிய மனுஷர், இங்கே அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். அந்த அண்ணாச்சியைத்தான் முதலில் சிநேகம் பிடிக்க வேண்டும். வீடு காலியாவது, கேஸ் கிடைப்பது, வேலைக்கு அக்கா வேண்டுவது எல்லாம் அவர் கல்லாவைத் தாண்டித்தான் போகும்.

7. இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இங்கேயே இருக்கிறேன்

வேலை ஒரு காரணம். ஒரு கம்பெனி மூடினால் இன்னொன்று, அதே ஊரில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறாமல் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை, கிண்டியிலும் அம்பத்தூரிலும் சின்னப் பட்டறைகள், தெற்கே ஐ.டி. என்று எல்லாப் படிப்புக்கும் ஒரு மூலை இருக்கிறது.

கையில் காசு இல்லாத நாளையும் இந்த ஊரில் தள்ளிவிடலாம். அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். 2013-ல் ஆரம்பித்தபோது வைத்த விலை. என் முதல் வருஷத்தில் இது இருந்திருந்தால் மாதக் கடைசியில் டீயும் பன்னுமாக ஓட்டியிருக்க மாட்டேன். அரசு மருத்துவமனைகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் மாநிலம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் வைத்தியம் நடக்கும்.

படிக்கிறவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு, போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம். ஜனவரியில் புத்தகக் காட்சி. மார்கழியில் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் மத்தியானக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. கச்சேரி பிடிக்காவிட்டாலும் கேன்டீன் பிடிக்கும்.

வெயிலைப் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், 2003 மே மாதம் 45 டிகிரியைத் தொட்ட ஊர் இது. வெயிலை விட மோசம் புழுக்கம். குளித்துவிட்டுத் துவட்டும்போதே வியர்க்கும். ஆனால் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிட்டால் ஊர் மாறிவிடும். கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டில் அது நேராக உள்ளே வரும், அதற்காகவே கொஞ்சம் கூடுதல் வாடகை தரலாம். மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் போய் உட்காருங்கள், சுண்டல் வாங்குங்கள், ஆனால் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். அலை இழுத்துவிடும், நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

8. வீடு மாறும் மாதம்

எவ்வளவு பார்த்துப் பிடித்தாலும் இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்று மாறத்தான் போகிறீர்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்த இடம், ஆபீஸ் இடம் மாறியது, ஓனர் மகனுக்குக் கல்யாணம் என்று ஏதாவது ஒன்று வரும். அப்போது மாதம் பார்ப்பது சாமிக்காக மட்டும் இல்லை, பேரத்துக்காகவும்.

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே பெரும்பாலானவர்கள் வீடு மாற மாட்டார்கள். ஆடி பிறந்தால் டு-லெட் போர்டுகள் மழையிலும் வெயிலிலும் தொங்கிக்கொண்டே இருக்கும், காலி வீட்டைப் பார்த்து ஓனருக்கு மனசு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் போய்ப் பேசுங்கள். "இப்பவே பேசிக்கலாம் சார், ஆவணி ஒண்ணாம் தேதி வர்றோம்" என்றால் அட்வான்ஸில் ஒன்றிரண்டு மாதம் குறையும், சில சமயம் சுவருக்குப் பெயின்டும் அடித்துத் தருவார். உங்களுக்கு நாள்கணக்கில் நம்பிக்கை இல்லை, ஆடியிலேயே பால் காய்ச்சத் தயார் என்றால் இன்னும் குறையும்.

ஆனால் எந்த வீடு என்று முடிவு செய்வதற்கு ஆடி சரிப்படாது. அதற்கு முந்தைய ஐப்பசியிலேயே, நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நீங்கள் குறித்துவைத்திருக்கும் தெருக்களில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்த வாசலில் ஆட்கள் வாளியால் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள், எந்த வாசலில் கோலம் போட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஆடி வரும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.